பிரிசத்தை எடுத்த பிறகும் தெரிந்த நிறமாலை: என்-கதிர்கள் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

பி.எஸ்ஸி. இயற்பியல் படித்தவர்களுக்கு ஸ்பெக்ட்ரோமீட்டர் சோதனை மறந்திருக்காது. இருட்டாக்கிய அறை, மஞ்சளாக எரியும் சோடியம் விளக்கு, நடுவில் சின்ன மேடை மேல் ஒரு கண்ணாடிப் பிரிசம். பள்ளிப் புத்தகம் அதை முப்பட்டகம் என்று சொல்லும், ஆய்வகத்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. குழாயில் கண்ணை வைத்துக்கொண்டு பிரிசத்தை மெல்லத் திருப்பினால் மஞ்சள் கோடு ஒரு பக்கமாக நகர்ந்து, ஓரிடத்தில் தயங்கி நின்று, வந்த வழியே திரும்பும். அந்தத் திரும்பும் இடம்தான் குறைந்தபட்ச விலகல். அதைக் கோணம் காட்டும் வெர்னியர் அளவுகோலில் பார்த்து ரஃப் நோட்டில் எழுத வேண்டும்.

எழுதும்போதுதான் விஷயம் நடக்கிறது. கோடு நிற்கும் இடம் ஒரு புள்ளி இல்லை, அதற்குக் கொஞ்சம் அகலம் உண்டு. வெர்னியரிலும் எந்தக் கோடு எந்தக் கோட்டோடு சேர்கிறது என்று உற்றுப் பார்த்தால், அடுத்தடுத்த இரண்டு மூன்று கோடுகள் சேர்ந்த மாதிரியே இருக்கும். பக்கத்து மேசையில் என்ன வந்தது என்று காதில் விழுந்துவிட்டால், அல்லது ஒளிவிலகல் எண் 1.5க்குப் பக்கத்தில் வர வேண்டும் என்று சீனியர் ரெக்கார்டில் பார்த்துவிட்டால், அந்த மூன்றில் தேவையானதைக் கண்ணே எடுத்துக் கொடுத்துவிடும். மாணவனாக இருந்தபோது நான் தெரிந்து பொய் எழுதியதில்லை. ஆனால் எழுதியதெல்லாம் உண்மையில் பார்த்ததுதானா? பிரான்சின் நான்சி நகரத்தில் நடந்த இந்தக் கதையைப் படித்த பிறகு அதை என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அறிவியல் எது, அறிவியல் போலத் தோன்றுவது எது என்று பேசும்போது நாம் வழக்கமாக ஜோதிடத்தையோ அதிசய மருந்தையோ பிடித்துக்கொள்கிறோம். அங்கே வித்தியாசம் சொல்வது சுலபம். நான் எடுத்துக்கொண்டிருப்பது அதைவிடக் கடினமான ஒன்று. ஆய்வு செய்தவர் உண்மையான விஞ்ஞானி. ஆய்வகமும் கருவியும் அசல். கட்டுரைகள் நாட்டின் முதன்மையான அறிவியல் இதழில் வந்தன. பரிசும் கிடைத்தது. மோசடி எதுவும் நடந்ததாகத் தெரியவில்லை. எல்லாம் இருந்தது. அவர் ஆராய்ந்த பொருள் மட்டும் உலகத்தில் இல்லை.

கதிர்களின் காலம்

ரெனே ப்ளோன்ட்லோ 1849இல் நான்சியில் பிறந்தவர். அதே ஊர்ப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியர். கம்பி வழியாக மின் அலை செல்லும் வேகத்தை 1890களில் அளந்து, அது ஒளியின் வேகத்துக்கு மிக அருகில் இருப்பதைக் காட்டியவர். பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் தொடர்பு உறுப்பினர். நிதானமான, கவனமான சோதனைக்காரர் என்று பெயர் எடுத்திருந்தார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், பின்னால் நடந்ததை வைத்து அவரை ஏமாளி என்றோ ஏமாற்றுக்காரர் என்றோ நினைத்துவிட்டால் இந்தக் கதையிலிருந்து நமக்குக் கிடைக்க வேண்டியது கிடைக்காது.

காலமும் அப்படிப்பட்டது. 1895 கடைசியில் ஜெர்மனியில் ரோன்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். 1896இல் பாரிசில் ஹென்றி பெக்கெரல் யுரேனியத்திலிருந்து வரும் கதிரைக் கண்டார். 1898இல் கியூரி தம்பதியர் பொலோனியத்தையும் ரேடியத்தையும் கண்டுபிடித்தார்கள். எட்டே ஆண்டுகளில் கண்ணுக்குத் தெரியாத கதிர்கள் இத்தனை வந்துவிட்ட பிறகு, இன்னொன்று வந்தால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். நான்சிக்கு இன்னொரு வலியும் இருந்தது. 1871 போர்த் தோல்வியில் அல்சாஸும் லொரேனின் ஒரு பகுதியும் ஜெர்மனிக்குப் போய்விட்டன. நான்சி பிரான்சோடு தங்கி, எல்லைக்குப் பக்கத்து ஊராகிவிட்டது. எக்ஸ் கதிர் ஜெர்மனியில் பிறந்தது. இப்படி ஒரு கண்டுபிடிப்பு தங்கள் ஊரிலும் நடக்க வேண்டும் என்ற ஆசை அந்த ஊரில் இருந்திருந்தால் அதில் தப்பில்லை.

1903 தொடக்கத்தில் ப்ளோன்ட்லோ நியாயமான ஒரு கேள்வியைத்தான் கையில் எடுத்தார். எக்ஸ் கதிர் ஒரு அலையா? அலை என்றால் ஒளியைப் போல அதையும் தளவிளைவுக்கு, அதாவது அதிர்வை ஒரே தளத்துக்குள் கொண்டுவருவதற்கு, உட்படுத்த முடிய வேண்டும். கதிரின் பாதையில் சின்ன மின்பொறி ஒன்றை வைத்து, அதைத் திருப்பித் திருப்பி, எந்தக் கோணத்தில் பொறி பிரகாசமாகிறது என்று பார்த்தார். பிரகாசம் கூடியது போலத் தெரிந்தது. அப்புறம் குவார்ட்ஸ் பிரிசம் ஒன்றை நடுவில் வைத்தபோது அந்த விளைவு விலகி வந்தது. அன்று தெரிந்த அளவில் எக்ஸ் கதிர் பிரிசத்தில் வளையாது. எனவே இது எக்ஸ் கதிர் இல்லை, வேறொரு புதிய கதிர் என்று முடிவு செய்து, தன் ஊரின் முதல் எழுத்தையே அதற்குப் பெயராக வைத்தார். இப்படித்தான் என்-கதிர் வந்தது.

பெருகிய விதம்

அதன் பிறகு அவர் பார்த்த இடமெல்லாம் என்-கதிர் இருந்தது. ஆவர் வாயு விளக்கில் வந்தது, நெர்ன்ஸ்ட் மின்விளக்கில் வந்தது, சூரியனிலிருந்து வந்தது. பதம் போட்ட எஃகு தானாகவே அதை வெளியிட்டது. மரம், கறுப்புக் காகிதம், அலுமினியம் எல்லாவற்றையும் ஊடுருவியது. ஈயமும் தண்ணீரும் அதைத் தடுத்தன. அதனால் கதிரைக் குறுக்கிவிட நனைத்த அட்டையில் பிளவு வெட்டி வைத்தார்கள். அதே பல்கலைக்கழகத்தின் மருத்துவ இயற்பியல் பேராசிரியர் ஓகுஸ்தான் ஷார்பாந்தியே, மனித நரம்பும் தசையும் என்-கதிரை வெளியிடுகின்றன என்றார். ஒருவர் பேசும்போது மூளையில் பேச்சுக்கான பகுதிக்கு நேராக அது கூடுகிறது என்றும் சொன்னார். ஹென்றி பெக்கெரலின் மகன் ஜான் பெக்கெரல், குளோரோஃபார்ம் கொடுத்தால் உலோகமும் மயங்கி என்-கதிர் விடுவதை நிறுத்திவிடுகிறது என்று எழுதினார். கதிரை நானே முதலில் கண்டுபிடித்தேன் என்று உரிமை கோரியவர்களும் கிளம்பினார்கள். 1903க்கும் 1906க்கும் இடையில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் எழுதிய ஏறத்தாழ முந்நூறு கட்டுரைகள் வெளியாயின.

இந்த எண்ணிக்கைதான் என்னை உறுத்துகிறது. கட்டுரைகள் குவிந்தால் துறை வளர்கிறது என்று நாம் இன்றும் நினைக்கிறோம். இங்கே ஒவ்வொரு கட்டுரையும் புதிதாக ஒரு மூலத்தை, புதிதாக ஒரு குணத்தைச் சொன்னது. மூன்று ஆண்டில் ஒருவர்கூட அந்த விளைவைப் பெரிதாக்கிக் காட்டவில்லை. முதல் நாள் எவ்வளவு மங்கலாக இருந்ததோ, முந்நூறாவது கட்டுரையிலும் அவ்வளவு மங்கலாகவே இருந்தது. வலுவான விளக்கை வைத்தாலும் அதே மினுக்கம், ஒரு எஃகுத் துண்டை வைத்தாலும் அதே மினுக்கம்.

எக்ஸ் கதிரோடு வைத்துப் பாருங்கள். ரோன்ட்கன் 1895 டிசம்பர் இறுதியில் அறிவித்தார். 1896 ஜனவரி, பிப்ரவரிக்குள் பல நாட்டு ஆய்வகங்களில் எலும்பின் நிழல் கண்ணாடித் தகட்டில் பதிவாகிவிட்டது. கையை நீட்டியவருக்கு ரோன்ட்கன் என்ன எதிர்பார்க்கிறார் என்று தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

கண் என்ற கருவி

என்-கதிரைப் பார்க்க முதலில் மின்பொறியும், பிறகு கால்சியம் சல்ஃபைடு பூசிய அட்டையும் பயன்பட்டன. அந்தப் பூச்சு இருட்டில் மிக மங்கலாக ஒளிரும். கதிர் பட்டால் அந்த ஒளி ஒரு துளி கூட வேண்டும். அவ்வளவுதான் அளவீடு. பார்ப்பவர் அரை மணி நேரம்போல இருட்டில் இருந்து கண்ணைப் பழக்கிக்கொள்ள வேண்டும். அட்டையை நேராக உற்றுப் பார்க்கக் கூடாது, பார்வையைச் சற்றுத் தளர்த்தி விட வேண்டும் என்று ப்ளோன்ட்லோ அறிவுரை சொன்னார். பழக்கம் வேண்டும், எல்லாருக்கும் உடனே தெரிந்துவிடாது என்றும் சொன்னார்.

இதில் பாதி உண்மை. இன்று ராத்திரியே மொட்டை மாடிக்குப் போய்ப் பார்க்கலாம். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் ஒரு நட்சத்திரத்தை நேராகப் பார்த்தால் மறைந்துவிடும். பார்வையைக் கொஞ்சம் பக்கவாட்டில் நகர்த்தினால் திரும்ப வந்துவிடும். விழித்திரையின் நடுப்புள்ளியில் வண்ணத்துக்கான கூம்புச் செல்கள்தான் உண்டு. மங்கல் ஒளிக்கான கோல் செல்கள் அதைச் சுற்றித்தான் இருக்கின்றன. கண் தன்னையறியாமல் அசையும்போதெல்லாம் ஒரே வெளிச்சம் கூடுவதாகவும் குறைவதாகவும் தோன்றும். என்-கதிரின் மினுக்கத்துக்கு இதுவே காரணம் என்று ஜெர்மானிய இயற்பியலாளர் ஓட்டோ லும்மர் அப்போதே வாதிட்டார்.

அதாவது அட்டை உண்மையிலேயே மினுக்கியது, பார்ப்பவரின் கண்ணுக்குள். எப்போது கூட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஈயத் தகட்டை நகர்த்துவது அவரே, அல்லது அவர் கண்ணெதிரே உதவியாளர். தகடு விலகியது என்று தெரிந்த நொடியில் கண் ஒரு மினுக்கத்தைப் பிடித்துக்கொள்ளும். வெர்னியரில் மூன்று கோட்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்த என் கண் செய்த வேலையும் இதுதான்.

ஒளிப்படம் எடுத்தார்களே என்று கேட்கலாம். எடுத்தார்கள். பொறியின் படம், கதிரோடு ஒன்று, கதிர் இல்லாமல் ஒன்று. கதிரோடு எடுத்தது கூடுதல் கறுப்பாகப் பதிந்தது. ஆனால் ஒளிப்படத் தகட்டைச் சில விநாடிக்கு ஒருமுறை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கையால் நகர்த்தி, இரண்டு படங்களுக்கும் மாறி மாறி ஒளி காட்டினார்கள். எந்தப் பக்கம் கதிர் என்று நகர்த்துபவருக்குத் தெரியும். ஒரு பக்கத்தில் கை கொஞ்சம் கூடுதலாகத் தங்கினாலே போதும். கருவி நடுவில் வந்ததால் மனிதரின் ஆசை வெளியே போய்விடவில்லை, கண்ணிலிருந்து கைக்கு இடம் மாறியது.

நான்சிக்கு வந்த விருந்தாளி

பிரிட்டனில் பேர்பெற்ற விஞ்ஞானிகளான கெல்வினாலும் குரூக்ஸாலும் என்-கதிரைப் பார்க்க முடியவில்லை. பாரிசிலேயே இயற்பியலாளர்கள் லாஞ்ஜவேனுக்கும் பெரேனுக்கும் கிடைக்கவில்லை. பெர்லினில் இயற்பியலாளர் ஹைன்ரிஷ் ரூபன்ஸ் ஜெர்மன் பேரரசருக்கு இதைக் காட்ட வேண்டியிருந்தது. இரண்டு வாரம் முயன்றும் ஒன்றும் தெரியாமல் சங்கடப்பட்டார். கிடைக்காதவர்களின் கண் போதாது என்று நான்சித் தரப்பு பதில் சொன்னது. இதுதான் இந்த வழக்கின் மிக ஆபத்தான இடம் என்று நினைக்கிறேன். பார்த்தவர் சாட்சி, பார்க்காதவர் தகுதி இல்லாதவர் என்று ஆகிவிட்டால் எதிர்ச்சாட்சி என்ற ஒன்றே இருக்க முடியாது.

1904 கோடையில் கேம்பிரிட்ஜில் பிரிட்டிஷ் அறிவியல் சங்கக் கூட்டம் நடந்தது. என்-கதிர் கிடைக்காதவர்கள் அங்கே கூடிப் பேசினார்கள். ஜெர்மானியர் போனால் அரசியலாகிவிடும், நீங்கள் போய்ப் பாருங்கள் என்று ரூபன்ஸ் ஒரு அமெரிக்கரைக் கேட்டுக்கொண்டார். அவர்தான் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் வுட். ஒளியியலில் கரைகண்டவர். ஆவிகளோடு பேசுவதாகச் சொல்கிறவர்களின் தந்திரத்தைப் பிடிப்பதிலும் ஈடுபாடு உள்ளவர். செப்டம்பர் 21ஆம் தேதி நான்சிக்குப் போனார். ப்ளோன்ட்லோ மரியாதையாக வரவேற்று, மூன்று மணி நேரத்துக்கும் மேலாக எல்லாச் சோதனைகளையும் செய்து காட்டினார். மறைக்க அவரிடம் எதுவும் இல்லை.

முதலில் அட்டை. வுட்டுக்கு மாற்றம் எதுவும் தெரியவில்லை. உங்கள் கண் பழகவில்லை என்றார்கள். சரி, நான் இருட்டில் கதிரின் பாதையில் கையை வைத்து எடுக்கிறேன், எப்போது வைத்தேன் என்று நீங்கள் சொல்லுங்கள் என்றார் வுட். சொன்னார்கள். ஒன்றும் பொருந்தவில்லை.

அடுத்து எஃகு அரம். அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்தால், மங்கிய அறையில் தூரத்துக் கடிகார முள் தெளிவாகத் தெரியும் என்பது சோதனை. அரத்தை நான் பிடித்துக்கொள்கிறேன் என்று வாங்கிய வுட், இருட்டில் அதற்குப் பதில் ஒரு மரத்துண்டைப் பிடித்தார். மரம் என்-கதிரை வெளியிடாது என்பது அவர்களே சொன்னது. ஆனாலும் முள் தெளிவாகத் தெரிந்தது.

பிறகுதான் பிரிசம். நெர்ன்ஸ்ட் விளக்கின் கதிர் அலுமினியப் பிரிசத்தின் வழியாகப் போய்ப் பல கூறாகப் பிரிகிறது. ஒளிரும் மெல்லிய கோடு ஒன்றைத் திருகால் மெல்ல நகர்த்தி, அது எந்தெந்த இடத்தில் பிரகாசமாகிறது என்று ப்ளோன்ட்லோ இருட்டில் வாசித்தார். கதிர் நுழையும் பிளவின் அகலம் இரண்டு மூன்று மில்லிமீட்டர். அவர் இடங்களைச் சொன்னதோ மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குத் துல்லியத்தில். இது ஒளியியலில் நடக்காது. பிளவு அவ்வளவு அகலமாக இருந்தால் கதிர்க்கூறும் அந்த அகலத்துக்குப் பரந்துதான் விழும். அதைக் கேட்டபோது, என்-கதிரின் விளங்காத தன்மைகளில் அதுவும் ஒன்று என்று பதில் வந்தது.

வுட் இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். நடுவில் இருட்டில் கையை நீட்டிப் பிரிசத்தை எடுத்துவிட்டார். ப்ளோன்ட்லோ வாசித்தார். உச்சங்கள் முன்பு இருந்த அதே இடங்களில் இருந்தன.

எத்தனை தடவை படித்தாலும் இந்த இடத்தில் எனக்கு மனம் கனக்கிறது. அவர் நடிக்கவில்லை. விரல் திருகில் இருந்தது, கண் கோட்டில் இருந்தது, வாய் உண்மையாகவே தெரிந்ததைச் சொன்னது.

செப்டம்பர் 29ஆம் தேதி இதழில் 'நேச்சர்' வுட்டின் கடிதத்தை வெளியிட்டது. யாருடைய ஆய்வகம் என்று பெயர் சொல்லாமல், பார்த்ததை மட்டும் எழுதியிருந்தார். பிரான்சுக்கு வெளியே என்-கதிர் அன்றோடு முடிந்தது. உள்ளே இன்னும் கொஞ்ச நாள் ஓடியது. அந்த ஆண்டின் இறுதியில் பிரெஞ்சு அறிவியல் கழகம் 50,000 பிராங்க் மதிப்புள்ள லெகோந்த் பரிசை ப்ளோன்ட்லோவுக்கு அளித்தது. அவருடைய மொத்தப் பணிக்காக என்று காரணம் சொன்னார்கள்.

அதே மாதம், ஒரு குதிரை

வுட் நான்சிக்குப் போன அதே 1904 செப்டம்பரில் பெர்லினில் ஒரு நிபுணர் குழு 'கெட்டிக்கார ஹான்ஸ்' என்ற குதிரையைச் சோதித்துக்கொண்டிருந்தது. கணக்குக் கேட்டால் காலால் தட்டி விடை சொல்லும் குதிரை. தந்திரம் எதுவும் இல்லை என்று குழு சொன்னது, அது சரியும்கூட. பிறகு ஓஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற உளவியலாளர் ஒரே ஒரு மாற்றம் செய்தார். கேள்வி கேட்பவருக்கே விடை தெரியாதபடி பார்த்துக்கொண்டார். குதிரைக்கும் விடை தெரியாமல் போயிற்று. சரியான எண் வரும்போது கேட்பவரின் தலையில் ஏற்படும் மிகச் சிறிய அசைவைப் பார்த்துத்தான் அது தட்டுவதை நிறுத்திக்கொண்டிருந்தது.

வுட் செய்ததும் ஃபுங்ஸ்ட் செய்ததும் ஒரே காரியம். இரண்டு பேரும் புதிய கருவி எதுவும் கொண்டுவரவில்லை, யாருடைய நேர்மையையும் சந்தேகிக்க வேண்டியிருக்கவில்லை. விடையை விரும்புகிறவருக்கு, வாசிக்கும் நேரத்தில் விடை தெரியாமல் செய்தார்கள். புதிய மருந்தைச் சோதிக்கும்போது நோயாளிக்கும் மருத்துவருக்கும் எது மருந்து, எது வெறும் மாத்திரை என்று சொல்லாமல் வைப்பதும் இதனால்தான். அதை யாரையோ அவமதிக்கும் ஏற்பாடாக எடுத்துக்கொள்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ப்ளோன்ட்லோவுக்கு அந்த ஏற்பாட்டைச் செய்துகொடுக்கக் கூடவே ஒருவர் இருந்திருந்தால், அந்த நல்ல விஞ்ஞானியின் கடைசி இருபது முப்பது ஆண்டுகள் வேறு மாதிரி இருந்திருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ப்ளோன்ட்லோ முதலில் தேடியது பொய்யான பொருளும் இல்லை. எக்ஸ் கதிரின் தளவிளைவை அடுத்த சில ஆண்டுகளிலேயே இங்கிலாந்தில் சார்லஸ் பார்க்லா காட்டினார். கதிரைச் சிதறவிட்டு, அதன் செறிவைக் கருவியால் அளந்து காட்டினார். கேள்வி அதேதான். விடை சொன்னது மட்டும் கண் இல்லை.

இரண்டு பெட்டிகள்

பிரெஞ்சு அறிவியல் உலகம் முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டிருந்தது என்று சொல்வது நியாயமாகாது. 'ரெவ்யூ சியாந்திஃபிக்' இதழ் இதை வெளிப்படையாக விசாரித்தது. கடைசியில் எளிய சோதனை ஒன்றை முன்வைத்தது. பார்வைக்கும் எடைக்கும் வேறுபாடு தெரியாத மூடிய மரப்பெட்டிகள். ஒன்றில் பதம் போட்ட எஃகு, அது என்-கதிர் விடும். மற்றதில் ஈயம், அது விடாது. எது எதுவென்று ப்ளோன்ட்லோ அட்டையை வைத்துப் பார்த்துச் சொன்னால் போதும். ஒரு மாலை நேர வேலை.

1906இல் அவர் மறுத்துவிட்டார். இந்த நிகழ்வு மிக நுட்பமானது, இவ்வளவு எளிய சோதனைக்கு அது பொருந்தாது, அவரவர் தங்கள் சொந்தச் சோதனையை வைத்தோ நம்பகமானவர்களின் சோதனையை வைத்தோ முடிவுக்கு வரட்டும் என்பது அவருடைய பதில். அதுவரை அவர் தவறு செய்த விஞ்ஞானி. தவறு எல்லாருக்கும் வரும். எஃகு எது, ஈயம் எது என்று தெரியாமல் பார்க்க மாட்டேன் என்று சொன்ன நாளில்தான் அவர் செய்துகொண்டிருந்தது அறிவியலாக இல்லாமல் போனது என்பது என் கணிப்பு.

1909இல் ஓய்வு பெற்றார். 1930இல் காலமானார். தன் வீட்டையும் தோட்டத்தையும் நகரத்துக்கு எழுதி வைத்தார். நான்சியில் ப்ளோன்ட்லோ பூங்கா இன்றும் இருக்கிறது.

இந்த வழக்கைப் படித்ததிலிருந்து எங்கள் ஆய்வகத்தில் ஸ்பெக்ட்ரோமீட்டர் சோதனையை இரண்டிரண்டு பேராகத்தான் செய்யச் சொல்கிறேன். ஒருவர் குழாய் வழியாகப் பார்த்துக் கோடு திரும்பும் இடத்தில் நிறுத்துவார். அவர் வெர்னியரைப் பார்க்கக் கூடாது. மற்றவர் ரீடிங்கைப் படித்து, வாய்விட்டுச் சொல்லாமல் எழுதுவார். பிறகு கலைத்துவிட்டு மறுபடி. ஐந்து தடவை. முன்பு ஒரே ஆள் செய்தபோது ஐந்து ரீடிங்கும் அச்சடித்தது போல ஒன்றாக வரும். இப்போது ஐந்தும் ஐந்து மாதிரி வருகின்றன, சில மினிட் (டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) முன்னே பின்னே. சார், எங்களுக்குத் தப்பாக வருகிறது, இன்னொரு தரம் எடுக்கட்டுமா என்று நோட்டைக் கொண்டுவந்து காட்டுகிறார்கள். ஐந்தையும் வந்தபடியே ரெக்கார்டில் எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறேன்.